மெல்ட் பூல் மானிட்டரிங் வாங்கினால் சிடி ஸ்கேனை விட்டுவிடலாமா?

கோவை_லேசர்பெட் கேட்டது:

வணக்கம். கோயம்புத்தூரில் ஒரு சின்ன மெட்டல் பிரிண்டிங் யூனிட்டில் புரொடக்‌ஷனைக் கவனிக்கிறேன். உலோகப் பவுடரை மெல்லிய லேயராகப் பரப்பி லேசரால் உருக்கும் பவுடர் பெட் மெஷின் ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது. 400 வாட் ஃபைபர் லேசர், 250 மி.மீ. பிளேட். பெரும்பாலும் இன்கோனல் 718 என்ற நிக்கல் கலவை ஓடும், அவ்வப்போது டைட்டானியம் 64 கலவை.

போன மாதம் விமான உதிரிபாக வாடிக்கையாளர் ஒருவருக்கு இன்கோனலில் பிராக்கெட் போட்டோம். பிளேட் முழுக்க ஒரே பாகம், ஒரே ஃபைல், ஒரே லாட் பவுடர், ஒரே பாராமீட்டர். சிடி ஸ்கேனில் பார்த்தால், ஆர்கான் வாயு வெளியேறும் பக்கம் நின்ற பாகங்களில் மட்டும் தட்டையான, கோணல்மாணலான வெற்றிடங்கள். நடுவில் நின்றவை சுத்தமாக இருக்கின்றன. லேப் ரிப்போர்ட்டில் 'லேக் ஆஃப் ஃபியூஷன்' (லேயர்கள் சரியாக உருகி ஒட்டவில்லை) என்று எழுதியிருக்கிறார்கள். இனி ஒவ்வொரு பாகத்தையும் சிடி எடுத்துத்தான் அனுப்ப வேண்டும் என்கிறார் வாடிக்கையாளர். அந்தச் செலவும் சேர்ந்தால் இந்த வேலையில் எங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

மெஷின் விற்றவர்கள் இதற்கு மெல்ட் பூலை, அதாவது லேசர் படும் இடத்தில் உருகி நிற்கும் உலோகத்தை, கண்காணிக்கும் மாட்யூலைச் சொல்கிறார்கள். லேசரின் பாதையிலேயே ஒளியை அளக்கும் போட்டோடயோடு உட்கார்ந்து ஒவ்வொரு லேயரையும் பதிவு செய்யுமாம், பிறகு ஸ்கேன் தேவைப்படாதாம். டெமோ டேட்டாவும் காட்டினார்கள். அதில் மெல்லிய சுவர், அடியில் தாங்கல் இல்லாமல் நீட்டி நிற்கும் ஓவர்ஹேங் எல்லாம் ஒரே சிவப்பு. ஆனால் அந்தப் பாகம் நல்ல பாகம்தான் என்கிறார்கள். அப்படியானால் சிவப்புக்கு என்ன அர்த்தம்?

வாங்கலாமா வேண்டாமா என்று முதலாளிக்கு ஒரு குறிப்பு எழுதித் தர வேண்டும். இந்தக் கருவி உள்ளே இருக்கும் வெற்றிடத்தை நிஜமாகவே கண்டுபிடிக்குமா? கண்டுபிடித்தால் பில்டை (ஒரு பிளேட்டின் முழு ஓட்டத்தை) நடுவில் நிறுத்திச் சரிசெய்ய முடியுமா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர்_டூல்ரூம்:

மெல்ட் பூலுக்குப் போகும் முன் லேயர் கேமரா இருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் மரேஜிங் ஸ்டீலில் மோல்டு இன்சர்ட் போடுகிறோம். எங்கள் பில்டுகள் கெடுவது பெரும்பாலும் லேசரால் இல்லை, பவுடர் பரப்பும் இடத்தில்தான். பாகத்தின் ஓரம் வளைந்து பவுடருக்கு மேலே எழும்பும், பவுடரைப் பரப்பும் ரீகோட்டர் அதில் இடிக்கும். பிளேடில் சின்ன வெட்டு விழுந்தால் பெட் நெடுக ஒரு கோடு ஓடும். பவுடர் போதாவிட்டால் கடைசி மூலை வெறுமையாக நிற்கும்.

கேமரா ஒவ்வொரு லேயருக்கும் இரண்டு படம் எடுக்கும். பவுடர் பரப்பியதும் ஒன்று, லேசர் ஓடி முடித்ததும் ஒன்று. வெறுமை தெரிந்தால் மெஷின் தானே இன்னொரு தடவை பரப்பிவிடும். நிறுத்திச் சரிசெய்வது இந்த இடத்தில் நன்றாகவே நடக்கும், ஏனென்றால் அந்த லேயரில் லேசர் இன்னும் எரியவே இல்லை. செலவும் குறைவு.

பவுடர்_பெங்களூர்:

ஓசூர் நண்பர் சொன்னதை முதலில் செய்யுங்கள். ஆனால் உங்கள் பிராக்கெட் பிரச்சினை வேறு மாதிரி. ஆர்கான் வெளியேறும் பக்கத்தில் மட்டும் கெட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் அங்கேதான் இருக்கிறது.

லேசர் உலோகத்தை உருக்கும்போது ஆவியும், உருகிய துளிகளும், பக்கத்திலிருக்கும் பவுடர் துகள்களும் மேலே எகிறும். அவற்றைத் தள்ளிக்கொண்டு போகத்தான் பெட்டின் மேல் ஆர்கான் ஓடுகிறது. புகை லேசானது, அது போய்விடும். ஸ்பேட்டர் என்று சொல்லும் கனமான துளி அவ்வளவு தூரம் போகாமல், வெளியேறும் வாய்க்கு முன்னாலேயே பெட்டில் விழுந்துவிடும். நீங்கள் வாங்கும் பவுடர் 15 முதல் 45 மைக்ரான் அளவில் இருக்கும். ஸ்பேட்டர் துளி 100 மைக்ரானையும் தாண்டும். உங்கள் லேயரோ 40 மைக்ரான்தான் இருக்கும். அந்தத் துளி விழுந்த இடத்தில் லேசரின் சக்தி துளியை உருக்குவதிலேயே செலவாகி, அடியில் இருக்கும் லேயர்வரை போய்ச் சேராது. தட்டையான வெற்றிடம் அப்படித்தான் வருகிறது. புகை சரியாக விலகாவிட்டால் அதுவும் லேசர் கற்றையைச் சிதறடித்து இதே வேலையைச் செய்யும்.

அதனால் மாட்யூலுக்குப் பணம் கட்டும் முன் ஃபில்டரைப் பாருங்கள், வாயு நுழையும் நாசிலில் பவுடர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், வெளியேறும் வாயை ஒட்டிப் பாகம் வைப்பதைத் தவிருங்கள். பாகங்களை லேசர் தொடும் வரிசை முக்கியம். வெளியேறும் பக்கம் இருப்பவற்றை முதலில் முடித்துவிட்டு, வாயு வரும் திசையை நோக்கி நகர வேண்டும். அப்போது ஸ்பேட்டர் ஏற்கெனவே உருக்கி முடித்த பரப்பின் மேல் விழும், அடுத்த ரீகோட்டில் ஓரளவு தள்ளிக்கொண்டும் போகும்.

இனி கருவி. போட்டோடயோடு பார்ப்பது வெளிச்சத்தை. வெற்றிடத்தை அது பார்ப்பதே இல்லை. மெல்ட் பூலிலிருந்து வரும் வெப்பக் கதிர்வீச்சையும், சில மெஷின்களில் ஆவி மேகத்தின் ஒளியையும் ஒரே ஒரு எண்ணாக மாற்றித் தருகிறது. ஆனால் வேகம் அபாரம். லேசர் நொடிக்கு ஒரு மீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். டயோடு நொடிக்கு 60,000 முறை படித்தால், ஒரு ரீடிங்குக்கும் அடுத்ததற்கும் இடையே லேசர் 17 மைக்ரான்தான் நகர்ந்திருக்கும். ஒரு ரீடிங்குக்கு 2 பைட், இரண்டு சேனல் என்று கணக்குப் போட்டால், லேசர் எரியும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 0.86 ஜிபி. நீளமான பில்டுக்கு எவ்வளவு வரும் என்று பாருங்கள். இதை எங்கே வைப்பது, எத்தனை வருடம் வைப்பது என்பதையும் முதலாளிக்கான குறிப்பில் எழுதுங்கள். விமான வாடிக்கையாளர் நிச்சயம் கேட்பார்.

இன்னொரு வகை, ஜெர்மனியின் எம்டியூ ஏரோ என்ஜின்ஸ் தன் என்ஜின் பாகங்களுக்காகப் பயன்படுத்தத் தொடங்கி, பிறகு ஈஓஎஸ் மெஷின்களில் விற்பனைக்கு வந்த ஆப்டிகல் டோமோகிராஃபி. மேலிருந்து ஒரு கேமரா ஒரு லேயர் முழுவதையும் திறந்த ஷட்டரில் அகச்சிவப்புக்கு அருகே உள்ள ஒளியில் பதிவு செய்யும். ஒரு பிக்ஸல் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு அளவு. நேரத் துல்லியம் கிடையாது, ஆனால் டேட்டா குறைவு, பார்த்ததும் புரியும். உங்கள் பிரச்சினைக்கு இதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. ஸ்பேட்டர் விழுந்த இடத்தில் லேசர் ஓடும்போது அந்தப் புள்ளி சுற்றியிருப்பதைவிடப் பிரகாசமாகப் பதியும். வெப்பம் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே தங்குவதால் அப்படி. சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் புள்ளிகளை எண்ணியே ஸ்பேட்டர் பெட்டில் எங்கே எவ்வளவு விழுகிறது என்று வரைபடம் போட்டிருக்கிறார்கள்.

சிவப்பு என்றால் என்ன என்று கேட்டீர்கள். ஓவர்ஹேங்குக்குக் கீழே இருப்பது பவுடர். திடமான உலோகம் கடத்தும் வெப்பத்தில் அது ஒரு சின்னப் பங்கைத்தான் கடத்தும். அதனால் பூல் சூடாகிறது, சிக்னல் ஏறுகிறது. மெல்லிய சுவரில் லேசர் ஓடும் கோடுகள் குட்டையாக இருக்கும். முந்தைய கோடு ஆறும் முன் அடுத்தது பக்கத்தில் வந்துவிடும், அங்கேயும் சிக்னல் ஏறும். பிளேட்டின் ஓரத்தில் லேசர் சாய்ந்து விழுகிறது, அங்கே அதே மெல்ட் பூல் டயோடுக்கு மங்கலாகத் தெரியும். இவற்றில் எதுவுமே குறைபாடு இல்லை. பிளேட் முழுவதற்கும் ஒரே எல்லைக்கோடு வைத்தால் நல்ல பாகம் சிவப்பாகும், கெட்ட பாகம் பச்சையாக நிற்கும். டெமோவில் நீங்கள் பார்த்தது அதைத்தான்.

சிக்னலை அதன் சொந்த இடத்தோடு ஒப்பிட வேண்டும். இந்தப் பாகத்தின் 812-ஆவது லேயர், பக்கத்துப் பாகத்தின் 812-ஆவது லேயரைப் போல இருக்கிறதா? போன பில்டின் 812-ஐப் போல இருக்கிறதா? நீங்கள் பிளேட் முழுக்க ஒரே பிராக்கெட் போடுகிறீர்கள், திரும்பத் திரும்பப் போடுகிறீர்கள். இந்தக் கருவிக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. ஒவ்வொரு பில்டும் வேறு வேறு பாகம் என்று ஓடும் ஜாப் ஷாப்பாக இருந்தால் நானே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

நடுவில் நிறுத்திச் சரிசெய்வது பற்றி. பவுடர் பரப்புவதில் முடியும். மெல்ட் பூலில், உங்கள் நிலையில், அதை எதிர்பார்க்காதீர்கள். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் பல வருடம் முன்பே சிக்னலைப் பார்த்து லேசர் பவரை உடனுக்குடன் மாற்றிக் காட்டினார்கள். ஆய்வகத்தில் அது சாத்தியம். ஆனால் சான்று பெற்ற விமான பாகத்துக்குப் பாராமீட்டர் பூட்டப்பட்டிருக்கும். மெஷின் தானாக பவரை மாற்றிக்கொண்டே இருந்தால் அந்தப் பூட்டுக்கே அர்த்தம் இல்லாமல் போகும்.

இன்னொன்று கவனியுங்கள். மெல்ட் பூல் 40 மைக்ரானோடு நிற்பதில்லை, பல லேயர் ஆழம் போகும். இந்த லேயரில் விழுந்த சின்ன வெற்றிடத்தை அடுத்த இரண்டு மூன்று லேயர்கள் மறுபடி உருக்கி மூடிவிடுவது சாதாரணம். ஆகவே சிக்னலில் ஒரு புள்ளி வந்தது என்பதால் பாகத்தில் ஓட்டை இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. அடுத்தடுத்த லேயர்களில் அதே இடத்தில் தொடர்ந்து வருகிறதா என்று பாருங்கள். தொடர்ந்து வந்தால் அந்தப் பாகத்தைத் தனியே எடுத்து வையுங்கள்.

எங்கள் மெஷினில் இந்தக் கருவி அதிகம் உழைத்தது வெற்றிடம் தேடுவதில் இல்லை. ஒவ்வொரு பில்டிலும் ஒரே இடத்தில் ஒரு சின்ன உருளையை நிறுத்தி, லேயருக்கு லேயர் அதன் சராசரி சிக்னலை மட்டும் வரைந்து பார்ப்போம். ஒரு தடவை நீளமான இன்கோனல் பில்டில் அந்தக் கோடு மெதுவாகச் சரிந்துகொண்டே வந்தது. எந்த அலாரமும் அடிக்கவில்லை, எந்த லேயரும் சிவப்பாகவில்லை. பில்டு முடிந்து திறந்தபோது லேசர் உள்ளே வரும் பாதுகாப்புக் கண்ணாடியில் மெல்லிய புகைப்படலம். பவர் மீட்டர் வைத்து அளந்ததில் பவர் குறைந்திருந்தது உறுதியானது. மேல்பாதியில் முடிந்த பாகங்களை மட்டும் சிடிக்கு அனுப்பினோம். கருவி இல்லாவிட்டால் எல்லாவற்றையும் அனுப்பியிருக்க வேண்டும், அல்லது ஒன்றையுமே அனுப்பியிருக்க மாட்டோம்.

வாங்குங்கள். ஆனால் சிடியை விடுவதற்காக வாங்காதீர்கள், மெஷினைத் தெரிந்துகொள்ள வாங்குங்கள். சிடி குறைவது அதற்குப் பிறகு, உங்கள் சொந்த டேட்டாவின் பலத்தில் நடக்க வேண்டும்.

ஸ்கேன்_ரூம்:

நான் எதிர்ப் பக்கத்தில், சிடி எடுக்கும் லேபில் இருப்பவன். சிடியையும் முழு உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டிடெக்டரில் பக்கவாட்டில் ஆயிரம் முதல் இரண்டாயிரம் பிக்ஸல் இருக்கும். 100 மி.மீ. அகலமுள்ள பாகத்தை அதில் அடக்கினால் ஒரு வாக்ஸல் (முப்பரிமாணப் படத்தின் ஒரு புள்ளி) 50 முதல் 100 மைக்ரான். ஒரு வெற்றிடத்தை நம்பிச் சொல்ல இரண்டு மூன்று வாக்ஸலாவது வேண்டும். இன்கோனல் வேறு எக்ஸ்ரேயை விழுங்கும் உலோகம். லேசர் அளவுக்கு மீறி ஆழமாகக் குடையும் குழியில் (கீஹோல்) மிஞ்சும் 30 மைக்ரான் துளை உங்கள் பிராக்கெட்டில் இருந்தாலும் என் படத்தில் வராது. 10 மி.மீ. விட்டமுள்ள டெஸ்ட் உருளை என்றால் வாக்ஸல் 10 மைக்ரானுக்குக் கீழே இறங்கும், அங்கே தெரியும். சென்சாரைச் சோதிக்க வேண்டுமானால் உருளை போடுங்கள், பிராக்கெட்டை வைத்துச் சோதிக்காதீர்கள். சந்தேகமான உயரத்தில் வெட்டி, பாலிஷ் செய்து மைக்ராஸ்கோப்பிலும் பாருங்கள்.

ஹாட் ஐசோஸ்டேடிக் பிரஸ்ஸிங் (சூட்டில் எல்லாப் பக்கமும் வாயுவால் அழுத்துவது) கொடுத்தால் எல்லாம் மூடிக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். டைட்டானியம் 64-க்கு 920 டிகிரி, 100 மெகாபாஸ்கல், இரண்டு மணி நேரம் என்ற வழக்கமான சுற்றில் உள்ளே அடைபட்ட துளைகள் பெரும்பாலும் மூடும். மேற்பரப்போடு சேர்ந்த துளை மூடாது, ஏனென்றால் அழுத்தும் வாயு அதற்குள்ளேயே புகுந்துவிடும். திரும்பத் திரும்ப விசை ஏறி இறங்கி பாகம் களைப்பில் (ஃபட்டீக்) உடைவது பெரும்பாலும் மேற்பரப்பில் தொடங்குகிறது. அதனால் சென்சார் டேட்டாவில் ஓரத்தை ஒட்டிய அரை மில்லிமீட்டரைத் தனியாகப் பாருங்கள். வெளிவிளிம்பில் லேசர் ஓடும் கான்டூரும் உள்பகுதிக் கோடுகளும் சேரும் இடம், லேசர் திரும்பும் இடம் இரண்டுமே அங்கேதான். திரும்பும்போது லேசரைத் திசைதிருப்பும் கண்ணாடியின் வேகம் குறைகிறது. பவர் அதற்கு ஏற்பக் குறையாவிட்டால் கீஹோல் ஆழமாகி, சரிந்து, துளை மிஞ்சும்.

கோவை_லேசர்பெட்:

மூவருக்கும் நன்றி. ஃபில்டரையும் நாசிலையும் இன்று திறந்து பார்த்தோம். நாசிலின் ஒரு பக்கம் பவுடர் படிந்திருந்தது. பாகங்களின் வரிசையையும் மாற்றிவிட்டேன்.

பெங்களூர் சார், இரண்டு சந்தேகம். டெஸ்ட் உருளையில் குறைபாட்டை வேண்டுமென்றே எப்படி வைப்பது? கேட் (CAD) வரைபடத்தில் உள்ளே ஒரு சின்னப் பெட்டி வெற்றிடம் வரைந்தால் போதுமா? முதலாளி கேட்கும் அடுத்த கேள்வி: முன்பெல்லாம் இந்தக் கருவி இல்லாமலே பாகம் போய்க்கொண்டுதானே இருந்தது, இப்போது மட்டும் எதற்கு?

பவுடர்_பெங்களூர்:

நாசிலில் கிடைத்தது நல்ல செய்தி. அடுத்த பில்டில் பழைய இடத்திலேயே ஒரு பிராக்கெட்டை நிறுத்தி அதை மட்டும் சிடி எடுத்தால், காரணம் அதுதானா என்று தெரிந்துவிடும்.

கேட்-இல் வெற்றிடம் வரைவது போதாது. வரைந்த இடத்தில் லேசர் எரியவே எரியாது, சென்சாருக்கு அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. இயற்கையாக வரும் குறைபாடு லேசர் எரியும்போது வருவது. உருளையின் உள்ளே சில மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு பகுதியைப் பிரித்து அதற்கு வேறு பாராமீட்டர் கொடுங்கள். பவரை 10, 20, 30 சதவீதம் என்று குறைத்த உருளைகள் சில. வேகத்தைக் குறைத்து கீஹோலை வரவழைக்கும் உருளைகள் சில. எதையும் மாற்றாத உருளைகள் அவசியம், அவை இல்லாமல் பொய் அலாரம் எவ்வளவு வருகிறது என்று தெரியாது. இவற்றைப் பிளேட்டின் நடுவிலும், நான்கு மூலையிலும், வாயு வெளியேறும் பக்கத்திலும் பரப்பி வையுங்கள். பிறகு சிடி, மைக்ராஸ்கோப். எந்த அளவு வெற்றிடம்வரை சென்சார் பிடிக்கிறது, எதைத் தவறவிடுகிறது என்று ஓர் அட்டவணை வரும். வாடிக்கையாளரின் தர அதிகாரி முன் வைக்க வேண்டியது அந்த அட்டவணைதான். விற்பனையாளரின் பிரசென்டேஷனை அவர் மதிக்க மாட்டார்.

சிக்னலுக்கு அர்த்தம் கொடுக்க வேறு ஒரு சாட்சி வேண்டும் என்பது பெரிய ஆய்வகங்களுக்கும் பொருந்தும். 2023-இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. டைட்டானியம் 64-இல் கீஹோல் துளை உருவாகும் கணத்தை வெப்பக் கேமராவின் சிக்னலிலிருந்தே, மில்லி நொடிக்கும் குறைவான துல்லியத்தில், மெஷின் லேர்னிங் வைத்துப் பிடித்தார்கள். ஆனால் அந்த மென்பொருளுக்கு 'இப்போது துளை விழுந்தது' என்று கற்றுக்கொடுத்தது சிகாகோ அருகே இருக்கும் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தின் சிங்க்ரோட்ரான் எக்ஸ்ரே. உலோகத்துக்கு உள்ளேயே கீஹோலை வீடியோ எடுக்கும் வசதி அது. நமக்கு அந்த வசதி இல்லை, அந்த இடத்தை நம் உருளைகளும் சிடியும் நிரப்புகின்றன.

முதலாளியின் கேள்விக்கு மகேந்திரகிரியைக் காட்டுங்கள். 2024 மே 9 அன்று இஸ்ரோ அங்கே பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் நிலையான பிஎஸ்4-இன் என்ஜினை, இதே லேசர் பவுடர் பெட் முறையில் செய்து, 665 விநாடி எரித்துச் சோதித்தது. 14 பாகங்கள் ஒரே துண்டாயின, 19 வெல்டு இணைப்புகள் இல்லாமல் போயின. இதை எல்லோரும் சாதனையாகச் சொல்கிறார்கள், சாதனைதான். பரிசோதகரின் இடத்தில் நின்றும் யோசியுங்கள். வெல்டு இருந்தபோது எங்கே எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இப்போது ஆயிரக்கணக்கான லேயர்கள், எல்லாம் சேர்த்துக் கிலோமீட்டர் கணக்கில் நுண்ணிய வெல்டு. குறைபாடு எந்த இடத்திலும் இருக்கலாம், கூலிங் சேனலின் சுவரிலும் இருக்கலாம், வெளியிலிருந்து எட்டிப் பார்க்க வழி கிடையாது. உருவாகும்போதே பதிவு செய்யாவிட்டால் அந்த இடத்தைத் திரும்பப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு வராது. உங்கள் பிராக்கெட் எளிய பாகம், சிடி போதும். நாளைக்கு சேனல் உள்ள பாகம் ஆர்டர் வந்தால் போதாது. அதற்கான டேட்டாவை இப்போதிருந்தே சேர்க்கத் தொடங்கலாம்.

பணம் கட்டும் முன் விற்பவர்களிடம் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: மூல டேட்டாவை அவர்கள் மென்பொருள் இல்லாமல் படிக்கக்கூடிய வடிவில் எடுக்க முடியுமா, பிளேட்டின் ஓரத்தில் சிக்னல் மங்குவதற்குத் திருத்தம் போடப்பட்டிருக்கிறதா, கண்ணாடியையோ சென்சாரையோ மாற்றினால் மறுபடி அளவுத்திருத்தம் செய்வது யார், எதை வைத்து. கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால், சர்வீஸுக்கு முந்தைய பில்டையும் பிந்தைய பில்டையும் ஒப்பிடவே முடியாது. ஓர் உருளையில் முதல் டேட்டா வந்ததும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.